சம்பந்திகள் தடவிய வெண்ணெய்

என் வலது கை மாவுக்கட்டில் இருந்த சமயத்தில்தான் மகளின் கல்யாணப் பேச்சு வந்தது. மைசூர் அக்ரஹாரத்தில் எங்கள் தெருமுனைப் பூக்கடைக்கு முன்னால் கொட்டிக்கிடந்த தண்ணீரில் என் ஸ்கூட்டர் வழுக்கிவிட்டது. விழுந்தது மெதுவாகத்தான். ஆனால் கையை ஊன்றிவிட்டேன், மணிக்கட்டு போயிற்று. எலும்பு டாக்டர் கட்டுப் போட்டு முடித்துவிட்டு, "இந்தக் கையால ஒரு டம்ளர்கூடத் தூக்கக் கூடாது" என்றார். அதைக் கேட்டு என்னைவிட அதிகமாகக் கலங்கியவர் என் கணவர். ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். சிக்னலைப் பற்றிக் கேட்டால் ஒரு மணி நேரம் பேசுவார். பயத்தம்பருப்புக்கும் துவரம்பருப்புக்கும் என்ன வித்தியாசம் என்று கேட்டால் மட்டும் என் முகத்தைப் பார்ப்பார்.

மகள் பெங்களூரில் வேலை செய்கிறாள். கூட வேலை பார்க்கும் பையனைப் பிடித்திருக்கிறது என்று எங்களிடம் சொல்லி, அவனை ஒருமுறை வீட்டுக்கும் அழைத்து வந்திருந்தாள். வடகர்நாடகத்தில் கதக் என்ற ஊருக்குப் பக்கத்துப் பையன். நல்ல பையன், கொஞ்சம் கூச்சம். அவன் அப்பா அம்மாவை நாங்கள் பார்த்ததில்லை. அவர்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமை மைசூருக்கு வருவதாக ஏற்பாடு. காலையில் ரயிலில் வந்து இறங்கி, சொந்தக்காரர் வீட்டில் குளித்துவிட்டு, அரண்மனையையும் மிருகக்காட்சி சாலையையும் பார்த்துக்கொண்டு, சாயங்காலம் எங்கள் வீட்டுக்கு வருவார்கள். மகளும் பையனும் காலையிலேயே பெங்களூரிலிருந்து காரில் வந்துவிடுவார்கள்.

எனக்கு வந்த கவலை ஒன்றுதான். முதல் தடவை வருகிறவர்களுக்கு என்ன கொடுப்பது? இரண்டு கையும் நன்றாக இருந்திருந்தால் கேசரி, போண்டா, தேங்காய் பர்பி என்று அமர்க்களப்படுத்தியிருப்பேன்.

"ஓட்டல்ல சொல்லிடலாமே" என்றார் கணவர்.

"சம்பந்தம் பேச வர்றவங்களுக்குப் பார்சலா? நாளைக்கு அவங்க ஊர்ல போய் என்ன சொல்லுவாங்க?"

அப்போது மகள் வீடியோ காலில் வந்தாள். "அம்மா, டென்ஷனே பேடம்மா, வேண்டவே வேண்டாம். அடுப்பு பத்த வைக்காம ஒண்ணு பண்ணலாம். பட்டர் போர்டு!"

அது என்னவென்று அவள் விளக்கினாள். ஒரு மரப்பலகையில் வெண்ணெயைத் தடவ வேண்டும். மேலே உப்பு, பூண்டு, மூலிகை, தேன் என்று எது பிடிக்குமோ அதைத் தூவ வேண்டும். பக்கத்தில் ரொட்டித் துண்டுகள். விருந்தாளிகள் பலகையைச் சுற்றி உட்கார்ந்து, ரொட்டியால் வெண்ணெயை வழித்து வழித்துச் சாப்பிடுவார்கள்.

பின்னாலிருந்து எட்டிப் பார்த்த கணவர் கேட்டார். "பலகைல தடவி வச்சுட்டு, வர்றவங்களை வழிச்சு நக்கச் சொல்றதா? மரியாதையா இருக்குமா அது?"

"அப்பா, எல்லா பார்ட்டிலயும் இப்ப அதுதான். நீங்க வெண்ணெய் மட்டும் வாங்கி வைங்க. நான் வந்து பத்து நிமிஷத்துல பண்ணிடறேன்."

சனிக்கிழமை அவர் மண்டி மொஹல்லா கடைத்தெருவுக்குப் போய் வெண்ணெய் வாங்கி வந்தார். எவ்வளவு வேண்டும் என்று நானும் சொல்லவில்லை, அவருக்கும் தெரியவில்லை. ஒரு பெரிய தூக்கு நிறைய வாங்கிவிட்டார். கடைக்காரர், "என்ன சார், தோசைக்கடை போடறீங்களா?" என்று கேட்டாராம். ஆமாம் என்று சொல்லிவிட்டு வந்தாராம். உண்மையைச் சொல்ல வெட்கமாக இருந்ததாம்.

ஞாயிற்றுக்கிழமை காலை மகளிடமிருந்து போன் வந்தது. ராமநகரம் தாண்டி கார் நின்றுவிட்டது. என்ஜின் சூடாகிப் புகை வருகிறது, மெக்கானிக் வர வேண்டும். "சாயங்காலத்துக்குள்ள வந்துடுவோம்மா. அவங்களும் சாயங்காலம்தானே வர்றாங்க" என்றாள். பிறகு போன் கிடைக்கவில்லை.

நான் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு கணவரைப் பார்த்தேன். அவர் தூக்கைப் பார்த்தார்.

"பண்ணிடலாமா?" என்றேன்.

"நீ சொல்லு, நான் பண்றேன்" என்றார். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் சமையலறையில் அவர் வாயிலிருந்து நான் கேட்டிராத வார்த்தை.

முதல் சிக்கல், வெண்ணெய் கல்லாக இருந்ததுதான். தை மாதக் குளிர், போதாக்குறைக்கு ராத்திரி முழுவதும் ஃப்ரிட்ஜில் வேறு. அடுப்பில் காட்டினால் உருகி நெய் வாசனை வந்துவிடும், வெயிலில் வையுங்கள் என்றேன். மொட்டைமாடிச் சுவரில் தூக்கை வைத்தார். கொஞ்ச நேரத்தில் மாடியிலிருந்து கைதட்டலும் "ஹோய், ஹோய்" என்ற சத்தமும். ஒரு காக்கா வந்துவிட்டதாம். கடைசியில் செய்தித்தாளைச் சுருட்டிக் கையில் பிடித்துக்கொண்டு, வெண்ணெய் இளகும்வரை காவல் நின்றார். எதிர்வீட்டுப் பெண் கீழே என்னிடம் வந்து, "அங்கிள் மேல யார்கூடச் சண்டை போடறாரு?" என்று கேட்டாள்.

அடுத்தது பலகை. சப்பாத்திக் கட்டை ரொம்பச் சின்னது. காய் நறுக்கும் பலகையில் வெங்காய வாசனை. கிரகப்பிரவேசம் ஒன்றில் பரிசாகக் கிடைத்த புது மணை ஒன்று பரணில் இருந்தது. பூஜை, கல்யாணம் என்றால் உட்காரப் போடுவோமே, அந்த மணைதான். யாரும் அதில் இதுவரை உட்காரவில்லை. அவர் அதைக் கழுவித் துடைத்து, மேலே ஒரு வாழையிலையை விரித்தார். இலையைத் தீயில் லேசாக வாட்டச் சொன்னேன், அப்போதுதான் கிழியாமல் மணையோடு படியும். அதையும் செய்தார்.

வெண்ணெயில் உப்புப் போட்டு மரக்கரண்டியால் அடிக்கச் சொன்னேன். அடிக்க அடிக்க அது வெளுத்து, நுரைத்து, பஞ்சு மாதிரி ஆயிற்று. அவருக்கே ஆச்சரியம். "ஏய், இங்க பாரேன், இங்க பாரேன்" என்று சின்னப் பிள்ளை மாதிரி காட்டினார். அதைத் தோசைத் திருப்பியால் எடுத்து இலைமேல் தடவினார். சுவருக்குப் பூசுகிற மாதிரி, ஒரே சமமாக.

"அவ்வளவு வழவழன்னு வேண்டாங்க. கரண்டியால அங்கங்க குழி பண்ணுங்க. அப்பத்தான் போடறது உள்ள தங்கும்."

"ரோடு போட்டுட்டு நாமளே குழி தோண்டறதா?" என்று கேட்டுவிட்டு, ஸ்பூனின் பின்பக்கத்தால் அலை அலையாக இழுத்தார். பார்க்க நிஜமாகவே அழகாக இருந்தது.

மூன்று பங்காகப் பிரித்துக்கொண்டோம். ஒரு பக்கம் பொடியாக நறுக்கிய பச்சை மிளகாய், கொத்தமல்லி, இஞ்சி, எலுமிச்சைத் தோலின் துருவல். இன்னொரு பக்கம் பொடித்த வெல்லம், ஏலக்காய், வறுத்த எள், மேலே குடகுத் தேன். நடுவில் என்ன போடுவது என்று யோசித்துக்கொண்டிருந்தோம். வதக்கிய பூண்டா, மிளகாய்ப்பொடியா? அவர் பூண்டு என்றார். கல்யாணம் பேச வருகிறவர்கள் வாயில் பூண்டா என்றேன் நான்.

அப்போதுதான் காலிங்பெல் அடித்தது.

எதிர்வீட்டுப் பெண்ணாக இருக்கும் என்று நினைத்து அவர் முழங்கையாலேயே கதவைத் திறந்தார். வாசலில் உயரமாக, வெள்ளை மீசையோடு ஒருவர். பக்கத்தில் அவர்கள் ஊர்ப்பக்கத்து இல்கல் புடவையில், கையில் கனமான துணிப்பையோடு ஓர் அம்மா. பையனின் சாடை அந்த அம்மாள் முகத்தில் அப்படியே இருந்தது.

என் கணவர் முழங்கைவரை வெண்ணெயோடு நின்றார். நான் நைட்டியில் இருந்தேன். அதிலும் கட்டுப் போட்ட கை நுழைவதற்காக ஒரு பக்கம் வெட்டிவிட்ட நைட்டி. பூமி பிளந்து என்னை விழுங்கிவிடக் கூடாதா என்றிருந்தது.

அந்த அம்மாதான் முதலில் பேசினார். எங்கள் பேச்சு எல்லாம் கன்னடத்தில்தான் நடந்தது. நான் அதைத் தமிழில் சொல்கிறேன். "தப்பா எடுத்துக்காதீங்க. அரண்மனைல கும்பல்னா கும்பல். வரிசையைப் பாத்ததும் இவரு, 'ராஜா வீட்டை அப்புறம் பாத்துக்கலாம், மனுஷங்க வீட்டுக்குப் போகலாம் வா'ன்னுட்டாரு. பையனுக்குப் போன் பண்ணினோம், கிடைக்கல."

என் கணவர் வணக்கம் சொல்லக் கைகளைக் கூப்பப் போய், இரண்டு உள்ளங்கையும் ஒட்டிக்கொண்டதும் பிரித்தார். அந்தப் பெரியவர் அதைப் பார்த்தார். உள்ளே வந்து, காட்டிய நாற்காலியில் உட்கார்ந்து, இரண்டு கைகளையும் முட்டியில் வைத்துக்கொண்டார்.

நான் பிறந்து வளர்ந்தது மைசூரில். என் கன்னடம் நன்றாகவே இருக்கும் என்று நினைத்திருந்தேன். அவர்கள் பேசும் வடக்குக் கன்னடத்தைக் கேட்டதும் பாதி புரிந்தது, பாதியை முகத்தைப் பார்த்துத்தான் ஊகித்தேன். பெரியவரோ முகத்திலும் எதையும் காட்டவில்லை. கால்நடை மருத்துவராக இருந்தவர் என்று மகள் சொல்லியிருந்தாள். என் கணவர் கையைக் கழுவிவிட்டு வந்து, ரயில் எப்படி இருந்தது என்று கேட்டார். "நல்லா இருந்தது" என்றார். ஊரில் மழை எப்படி என்று கேட்டார். "பரவாயில்லை" என்றார். அதோடு பேச்சு நின்றது. தமிழ் வீடு என்று மனதில் ஏதாவது வைத்திருப்பாரோ என்று நினைத்தேன். பிள்ளைகள் இரண்டு பேரும் பக்கத்தில் இருந்திருந்தால் அவர்களே பேசி இழுத்துக்கொண்டு போயிருப்பார்கள்.

அந்த அம்மா என் கையைப் பார்த்துவிட்டு, வலிக்கிறதா, எப்படி விழுந்தீர்கள் என்று விசாரித்தபடியே என்னோடு சமையலறைவரை வந்துவிட்டார். மேடையில் இருந்ததைப் பார்த்ததும் அங்கேயே நின்றார். மணை, மேலே வாழையிலை, இலைநிறைய வெண்ணெய்.

"அய்யோ, பூஜை நேரத்துல வந்துட்டோமா? கிருஷ்ணருக்கா?"

"இல்லீங்க" என்றார் பின்னாலேயே வந்த என் கணவர், ரொம்பப் பணிவாக. "உங்களுக்குத்தான்."

அந்த அம்மா அவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், வெண்ணெயைப் பார்த்தார். பிறகு வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தவர், நிறுத்த முடியாமல் மேடையைப் பிடித்துக்கொண்டார். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. மகள் சொன்னது, காக்கா, தோசைக்கடை எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லச் சொல்ல அவருக்குச் சிரிப்பு கூடிக்கொண்டே போனது.

கண்ணைத் துடைத்துக்கொண்டு புடவைத் தலைப்பை இடுப்பில் செருகினார். "சரி, அடுத்தது என்ன? நீங்க சொல்லுங்க, நான் செய்யறேன்."

"ஐயோ, முதல் தடவை வந்திருக்கீங்க. நீங்க போய் உக்காருங்க."

"கை ஒடிஞ்சவங்க வீட்டுல வந்து, நான் கால் மேல கால் போட்டுக்கிட்டு காபி குடிக்கணுமா? நல்லா இருக்கே!"

கையைக் கழுவிக்கொண்டு வந்தார். நடுவில் என்ன போடுவது என்ற எங்கள் பிரச்சினையைக் கேட்டார். உடனே தன் துணிப்பையைத் திறந்தார். எங்களுக்காகக் கொண்டு வந்தது, சாயங்காலம் முறையாகக் கொடுக்கலாம் என்று வைத்திருந்ததாம். ஒரு டப்பாவில் பூண்டும் காய்ந்த மிளகாயும் வைத்து இடித்த வேர்க்கடலைச் சட்னிப்பொடி. திறந்தபோதே வீடெல்லாம் மணந்தது. அதை நடுப்பங்கு முழுக்கத் தூவினார், தாராளமாக, கையால். பிறகு வெள்ளைத் துணியில் சுற்றிய ஓர் அடுக்கை வெளியே எடுத்தார். சோள ரொட்டி. அப்பளம் மாதிரி மெல்லியதாக, மொறுமொறுவென்று காய வைத்தது. அவர்கள் ஊரில் மாதக்கணக்கில் கெடாமல் வைத்திருந்து சாப்பிடுவார்களாம்.

நாங்கள் பேக்கரியிலிருந்து வாங்கி, காலையிலேயே அவசரப்பட்டு வாட்டி வைத்திருந்த ரொட்டித்துண்டுகள் செருப்புத்தோல் மாதிரி ஆகியிருந்தன. அந்த அம்மா ஒன்றை வளைத்துப் பார்த்தார். அது வளைந்ததே ஒழிய ஒடியவில்லை. நாகரிகமாக ஓரத்தில் வைத்துவிட்டு, சோள ரொட்டியை உடைத்து மணையைச் சுற்றி அடுக்கினார்.

"எங்க வீட்டுல தினம் இதுதானே! ரொட்டி, வெண்ணெய், கடலைச் சட்னி. இதுக்கு இங்கிலீஷ்ல ஒரு பேர் இருக்குன்னு இன்னிக்குத்தான் தெரியும்."

கூடத்தில் பாய் விரித்து, மணையை நடுவில் வைத்தோம். நாற்காலியிலிருந்து வெண்ணெய்க்குக் கை எட்டாது. பெரியவர் எழுந்து, பேண்ட்டை முட்டியில் லேசாக இழுத்துவிட்டுக்கொண்டு, கீழே சம்மணம் போட்டு உட்கார்ந்தார். என் கணவர் எதிரே உட்கார்ந்தார். நான் கட்டுக் கையை மடியில் வைத்துக்கொண்டு இடது கையால் ஒரு துண்டை எடுத்தேன்.

முதல் வாய்க்குப் பிறகு எல்லோர் கையும் வேகமெடுத்தது. சோள ரொட்டி ஒடியும் சத்தம் மட்டும். அந்த மொறுமொறுப்பின் மேல் குளிர்ந்த வெண்ணெய், அதில் கடலைப்பொடியின் காரம். நாக்கில் வைத்ததும் வெண்ணெய் கரைந்து போகிறது, காரம் நிற்கிறது. உடனே அடுத்த துண்டுக்குக் கை போகிறது. வெல்லப் பக்கம் வேறு மாதிரி. எள் பல்லில் நொறுங்கி, தேன் வழிந்து, விரலை நக்காமல் இருக்க முடியாது. யார் முதலில் நக்கினது என்று தெரியவில்லை. எல்லோரும்தான் நக்கினோம். ஒரே இலையிலிருந்து நான்கு பேர் வழித்துச் சாப்பிடும்போது யாரும் விருந்தாளியாக இருக்க முடியவில்லை.

"வெண்ணெயை யார் அடிச்சது?" என்று பெரியவர் திடீரென்று கேட்டார்.

என் கணவர் தப்புச் செய்தவர் மாதிரி, "நான்தான்" என்றார்.

"பாரி சலோ ஐத்ரீ" என்றார் பெரியவர். ரொம்ப நன்றாக இருக்கிறது என்பதை அவர்கள் ஊரில் அப்படித்தான் சொல்வார்கள்.

என் கணவர் முகம் மலர்ந்ததே ஒரு மலர்ச்சி! பணி ஓய்வு விழாவில் மாலை போட்டபோதுகூட அப்படிப் பார்க்கவில்லை. வெண்ணெயை வெயிலில் வைத்ததிலிருந்து ஆரம்பித்தார். கதையில் காக்கா வந்ததும் பெரியவர் சிரித்தார். பிறகு தானும் ஒன்று சொன்னார். எருமைக்கு வைத்தியம் பார்க்கப் போன வீட்டில் ஃபீஸுக்குப் பதிலாக வெண்ணெய் உருண்டையைக் கொடுத்தார்களாம். மோட்டார் சைக்கிள் பெட்டியில் வைத்தது, வெயிலில் உருகி வழி முழுக்க ஒழுக, ஊர் நாய்கள் எல்லாம் பின்னாலேயே ஓடி வந்தனவாம். "ஊருக்குள்ள நுழையறேன், பின்னாடி ஊர்வலம். எல்லாரும் என்ன நினைச்சாங்க? டாக்டர் நாய் வைத்தியமும் ஆரம்பிச்சுட்டாருன்னு!"

நாங்கள் நால்வரும் சிரித்த சத்தம் தெருவுக்கே கேட்டிருக்கும். சிரித்துக்கொண்டே அவர் கையில் ஒரு ரொட்டித்துண்டோடு என் கணவர் பக்கம் சாய்ந்து, "பீகரே, அந்தப் பச்சை மிளகாய்ப் பக்கத்தைக் கொஞ்சம் இப்படித் திருப்புங்க" என்றார்.

பீகரு என்றால் கன்னடத்தில் சம்பந்தி.

சம்பந்தம் பற்றி இன்னும் ஒரு வார்த்தை பேசியிருக்கவில்லை. ஜாதகமா, நாளா, எந்த முறைப்படிக் கல்யாணம், ஒன்றுமே இல்லை. பெரியவருக்குத் தான் சொன்னது அப்போதுதான் காதில் விழுந்தது போல. ரொட்டித்துண்டு கையில் அந்தரத்தில் நின்றது. மனைவியைப் பார்த்தார்.

அந்த அம்மா சொன்னார்: "வாய்ல வந்துடுச்சு இல்ல? அப்புறம் என்ன? அவங்களும் ஏதாவது சொல்லட்டும்."

என் கணவர் மணையை மெதுவாக, இலை நழுவாமல், பச்சை மிளகாய்ப் பக்கம் அவர் முன்னால் வருகிற மாதிரி திருப்பினார். "எடுத்துக்குங்க பீகரே" என்றார்.

எனக்குக் கண் கலங்கிவிட்டது. மிளகாய் என்று சொல்லிச் சமாளித்தேன். அந்த அம்மா தன் புடவைத் தலைப்பால் என் கண்ணைத் துடைத்துவிட்டார். அதில் ஒட்டியிருந்த கடலைப்பொடியால் கண் நிஜமாகவே எரிந்தது. அதற்கும் ஒரு சிரிப்பு.

பிள்ளைகள் வந்தபோது வெயில் சாய்ந்திருந்தது. கார் ஒருவழியாகக் கிளம்பி வந்து, வாசலில் இருந்த செருப்புகளைப் பார்த்தபோது, அவர்கள் இரண்டு பேர் மனதிலும் என்னென்னவோ ஓடியிருக்கும். மகள் மூச்சு வாங்க உள்ளே ஓடி வந்தாள். கையில் பெங்களூரிலிருந்து வாங்கி வந்த, வெண்ணெய் மேல் தூவும் கலர் கலர்ப் பூ இதழ் டப்பா. கூடத்தில் அவள் அப்பாவும் பையனின் அப்பாவும் பாயிலேயே தலையணை போட்டுப் படுத்தபடி, மைசூரிலிருந்து கதக் பக்கத்துக்கு ஏன் இன்னும் கூடுதல் ரயில் விடவில்லை என்று விவாதித்துக்கொண்டிருந்தார்கள். நடுவில் மணை. அதன் மேல் வழித்துத் துடைத்த வெறும் வாழையிலை.

"எனக்கு?" என்றாள் மகள்.

"நீ எங்கடி இருந்தே?" என்றேன்.

வாசற்படியிலேயே நின்றுவிட்ட பையனைப் பார்த்து அவன் அம்மா, "ஏன்டா அங்கயே நிக்கறே? உள்ள வா. இது நம்ம வீடுதான்" என்றார். அவன் செருப்பைக்கூடக் கழற்ற மறந்து என் மகளைத்தான் பார்த்தான். அவள் முகத்தில் பரவியதை நான் எழுத்தில் கொண்டுவர முடியாது.

மிச்சமிருந்த வெண்ணெயை என் கணவர் மறுபடி அடித்தார். இந்தத் தடவை யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. மகளின் பூவிதழ்களையும் தூவினார். பிள்ளைகள் இரண்டு பேரும் மேடைமேல் ஏறி உட்கார்ந்து, சோள ரொட்டி தீரும்வரை சாப்பிட்டார்கள்.

விளக்கு வைக்கிற நேரத்தில், தெருமுனைப் பெருமாள் கோயிலுக்குப் போய் எல்லோர் பேரிலும் ஓர் அர்ச்சனை செய்துவிட்டு வரலாம் என்று முடிவாயிற்று. நான் வரவில்லை, நீங்கள் போய்விட்டு வாருங்கள் என்றேன். காரணத்தை அந்த அம்மாவிடம் மட்டும் உள்ளறையில் சொன்னேன். கட்டுப் போட்ட நாளிலிருந்து தலையை ஒழுங்காக வாரவில்லை. ஒரு கையால் பின்ன முடியாது. மகளும் இத்தனை நாள் ஊரில் இல்லை. இப்படியே எப்படிக் கோயிலுக்கு வருவது?

"சீப்பு எங்க?" என்றார்.

எனக்கு ஒரு புடவையைக் கட்டிவிட்டு, கட்டில் ஓரத்தில் என்னை உட்கார வைத்து, பின்னால் தான் உட்கார்ந்துகொண்டார். எண்ணெய் தொட்டு, நுனியிலிருந்து ஆரம்பித்துச் சிக்கெடுத்தார். ஓர் இடத்திலும் வலிக்கவில்லை. எனக்கு நரை எவ்வளவு, அவருக்கு எவ்வளவு என்று பேசிக்கொண்டோம். அவருக்குப் பெண்பிள்ளை இல்லை என்று சொன்னார். பின்னல் கற்றதே தங்கை தலையில்தான் என்றார். அதை அவர் வருத்தமாகச் சொல்லவில்லை. பின்னலின் முடிச்சை இறுக்கும்போது சொன்னார், அவ்வளவுதான்.

"இறுக்கமா இருக்கா?"

"இல்ல. சரியா இருக்கு."

மல்லிகைச் சரத்தை இரண்டாக மடித்து வைத்துவிட்டு, என் தோளைப் பிடித்துத் திருப்பி முகத்தைப் பார்த்தார். பிறகு பூவை எடுத்துவிட்டுப் பின்னலை அவிழ்த்தார். "இன்னும் நல்லா பின்னலாம்" என்றார். வெளியே எல்லோரும் செருப்பு மாட்டிக்கொண்டு காத்திருந்தார்கள். மகள் இரண்டு தடவை கூப்பிட்டாள். நாங்கள் இரண்டு பேரும் அவசரப்படவில்லை.